போர்ஸிங்கிஸ் டிரேட்: செல்டிக்ஸுக்குக் கட்டுப்படியானதா?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில், 2023 ஜூனில் தன் வீரர் மார்கஸ் ஸ்மார்ட்டை மெம்பிஸுக்கு அனுப்பிவிட்டு, வாஷிங்டனில் இருந்த கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸை எடுத்தது பாஸ்டன் செல்டிக்ஸ். கூடவே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்) உரிமைகளும் கிடைத்தன. போர்ஸிங்கிஸ் ஏழடிக்கு மேல் உயரம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெகு பின்னாலிருந்தே எறிவார். ஆனால் 2018-இல் இடது முழங்காலில் ஏசிஎல் என்னும் தசைநார் கிழிந்தவர்.

இப்படிப்பட்ட சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரரை) வாங்கும்போது தவறவிட்ட ஆட்டங்களை எண்ணினால் மட்டும் போதாது, எந்த இடத்தில் அடி என்று பாருங்கள். தசை இழுப்பு வாரக்கணக்கில் சரியாகிவிடும். பாத எலும்பு விரிசல்தான் அந்த எடைக்கு எமன். சீன சென்டர் யாவ் மிங்கை ஓய்வு பெற வைத்து வீட்டுக்கு அனுப்பியதே அதுதான்.

முதல் சீசனில் 82-க்கு 57 ஆட்டம், சராசரி 20.1 புள்ளி. பிளே-ஆஃபில் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளில்) கெண்டைக்கால் தசை இழுத்து ஒரு மாதத்துக்கு மேல் பெஞ்ச். திரும்பி வந்த இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் 21 நிமிடத்தில் 20 புள்ளி; அடுத்த ஆட்டத்திலேயே இடது கணுக்கால் தசைநாண் இடம் பிசகியது. மாற்று சென்டராக அல் ஹோர்ஃபோர்ட் இருந்ததால் கோப்பை கைநழுவவில்லை. மாற்று சென்டர் இல்லாத அணி இந்த வியாபாரத்தில் இறங்கவே கூடாது.

குறை ஒன்றுதான்: ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே 2 ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு. அடுத்த சீசனில் 42 ஆட்டம்தான். 2025 கோடையில் அட்லாண்டாவுக்குத் தள்ளிவிட்டார்கள்.