முதலாமாண்டு பொறியியல் மாணவர்களைத் தக்கவைக்க எந்த அறிமுகப் பாடம் உதவும்?

முதலாமாண்டிலேயே பொறியியலை விட்டு விலகுபவர்களைத் திறமை போதாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் எலைன் சீமோர், நான்சி ஹியூவிட் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஏழு கல்வி நிறுவனங்களில் அறிவியல், கணிதம், பொறியியல் படித்த 335 பேரிடம் பேசி 1997இல் வெளியிட்ட ஆய்வு, விலகியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையே காட்டியது. எனவே பாடத்தை மாற்றிப் பார்க்க வேண்டிய பொறுப்பு கல்லூரிக்கு இருக்கிறது. அதற்கு மூன்று வழிகள் கண்முன் உள்ளன.

முதலாவது, வாரம் ஒரு துறைப் பேராசிரியர் வந்து தம் துறையை விளக்கிச் செல்லும் விரிவுரை. செலவு குறைவு, பிரிவைத் தேர்ந்தெடுக்கவும் உதவும். ஆனால் மாணவர் கையால் எதையும் செய்வதில்லை என்பதால், இதை மட்டும் நம்புவது வீண்.

இரண்டாவது, குழுவாக ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து முடிக்கும் செயல்திட்டப் பாடம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் இதைப் படித்தவர்கள், படிக்காதவர்களைவிட அதிகமாகப் பொறியியலில் தொடர்ந்தனர். ஒப்படைப்புக்கு முதல் நாள் சென்சார் கம்பி கழன்று, அதைக் கண்டுபிடித்து மறுபடி பற்றவைத்த மாணவருக்குத் தாமும் பொறியாளர்தான் என்ற எண்ணம் வருகிறது. அதை எந்த விரிவுரையும் தராது. பட்டறை இடமும் கருவிகளும் உதவி ஆசிரியர்களும் வேண்டும் என்பதால் செலவு அதிகம். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று: குழுவைக் கவனிக்காமல் விட்டால் ஸ்பேனர் ஒருவர் கையிலேயே தங்கிவிடும், குறிப்பெழுதும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும். பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுவதை ஆசிரியரே நடத்த வேண்டும்.

மூன்றாவது, ஓஹையோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கிய பொறியியல் கணிதப் பாடம். நுண்கணிதத்தில் தேறினால்தான் அடுத்த பொறியியல் பாடம் என்ற தடையை இது தளர்த்தியது. தேவையான கணிதத்தைப் பொறியியல் ஆசிரியர்களே ஆய்வகத்தோடு சேர்த்துக் கற்பித்தனர். இரண்டு மூட்டுகள் கொண்ட ரோபோ கையின் நுனி எங்கே நிற்கும் என்பதை சைன், கொசைன் கொண்டு கணக்கிட்டு, பிறகு அளவுகோலை வைத்துச் சரிபார்க்கும் மாணவருக்கு, முக்கோணவியல் எதற்கு என்ற கேள்வியே எழாது. நுண்கணிதம் இதனால் நீக்கப்படுவதில்லை, பின்னால் நகர்கிறது; ஆகவே கணிதத் துறையின் ஒத்துழைப்பும் பாடத்திட்ட மாற்றமும் தேவை. அலுவல் ரீதியாக மூன்றிலும் கடினமானது இதுவே.

ஆனாலும் விலகியவர்களின் மதிப்பெண் பட்டியலில் நுண்கணிதத் தோல்வியே திரும்பத் திரும்பத் தென்படுகிற கல்லூரி, மூன்றாவதையே முதலில் தொடங்க வேண்டும் என்பேன். தேர்ச்சி பெற்றும் ஆர்வமிழந்து போகிறவர்கள் அதிகம் என்றால் செயல்திட்டமே பொருந்தும். எதுவானாலும் முதல் பருவத்திலேயே வைக்க வேண்டும். இரண்டாம் பருவத்திற்குத் தள்ளிவைத்தால், யாருக்காக அந்தப் பாடமோ அவர்களில் பலர் அதற்குள் போயிருப்பார்கள்.