5,000 பாட் வாங்கிட்டு ரீ-என்ட்ரி பத்தி வாயே திறக்காத ஏஜென்ட்

பாங்காக்ல டூரிஸ்ட் விசா எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு ஏஜென்ட்கிட்ட போனேன், அவருக்கு 5க்கு 2 ஸ்டார். அந்த ரெண்டும் ஜெராக்ஸ் ஒழுங்கா அடுக்கிக் கொடுத்ததுக்கு. பேர் போடல, நம்மூர் ஆளுதான், தமிழ்ல நல்லா பேசுவாரு, அதுலதான் நானும் விழுந்தேன்.

கதை 2023 ஜூன்ல ஆரம்பிக்குது. தங்கச்சி அங்க செட்டில், ரெண்டாவது பிரசவம், அம்மாவுக்கு முட்டி வலி அதனால நான் போனேன். அப்போ நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா ஃப்ரீ எல்லாம் கிடையாது, அது அந்த வருஷம் நவம்பர் 10ல தான் வந்துச்சு. அதனால சென்னையிலேயே 60 நாள் டூரிஸ்ட் விசா, சிங்கிள் என்ட்ரி, வாங்கிட்டுத்தான் ஃப்ளைட் ஏறினேன். ஜூன் 3 இறங்கினேன், ஆகஸ்ட் 1 வரைக்கும்னு முத்திரை குத்துனாங்க. பையன் ஜூலை 10 தான் பிறந்தான். ஆகஸ்ட் 1 நான் கிளம்பிட்டா மூணு வாரக் குழந்தையோட அவ தனியா நிக்கணும், அவ மாமியார் வர்றதே ஆகஸ்ட் 29ஆம் தேதிக்கு மேலதான். இதுக்கு நடுவுல ஆகஸ்ட் 4 அப்பாவோட திதி, ஊருக்கு ஒரு நடை போயிட்டு வந்தே ஆகணும்.

இது அத்தனையும் ஏஜென்ட்கிட்ட சொன்னேன். திதி பத்தியும் சொன்னேன், 3ஆம் தேதி போறேன் 8ஆம் தேதி திரும்பி வர்றேன்னு டிக்கெட்டே காட்டினேன். "அக்கா கவலையே படாதீங்க, 30 நாள் எக்ஸ்டெண்ட் பண்ணிடலாம், ஆல் இன் 5,000 பாட்". சரின்னுட்டேன்.

ஒரு விஷயத்துல அவரைப் பாராட்டணும், தேதி கரெக்டா பார்த்தாரு. ஜூலை 28 ராஜா பிறந்தநாள் லீவு, என் கடைசி நாள் ஆகஸ்ட் 1 அங்க ஆசாள்ஹ பூஜைன்னு புத்தருக்கான லீவு, கடைசி நேரத்துல போகலாம்னு இருந்திருந்தா ஆஃபீஸ் பூட்டியிருக்கும், ஓவர்ஸ்டே ஆனா நாளுக்கு 500 பாட் ஃபைன், 20,000 வரைக்கும் ஏறும். அதனால ஜூலை 25ஆம் தேதியே கூட்டிட்டுப் போனாரு. சேங் வத்தானால இருக்கற கவர்ன்மென்ட் காம்ப்ளெக்ஸ், பி பில்டிங், மலை மாதிரி கட்டிடம். அந்த ஊர்க்காரங்க இமிக்ரேஷனை சுருக்கமா தோ மோன்னுதான் சொல்றாங்க. இப்போ பக்கத்துல பிங்க் லைன் ட்ரெயின் ஓடுது, அப்போ டாக்ஸிதான்.

உள்ள போனா டோக்கன், டிஎம் 7 ஃபார்ம், 4க்கு 6 சென்டிமீட்டர் போட்டோ ஒண்ணு, பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து, தங்கியிருக்கற அட்ரஸை வீட்டு ஓனர் தெரிவிச்சதுக்கான டிஎம் 30 ரசீது. இந்த டிஎம் 30 தான் நிறைய பேருக்கு உதைக்கும், சொந்தக்காரங்க வீட்ல தங்குனா ஓனர் அதைப் பதிவு பண்ணியிருக்க மாட்டாங்க, முன்னாடியே கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. மத்தபடி ஆஃபீஸர் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, ஏன் இன்னும் இருக்கணும்னு, பேபின்னு போன்ல போட்டோ காட்டினேன், சிரிச்சுட்டாங்க. மதியத்துக்குள்ள ஆகஸ்ட் 31 வரைக்கும் முத்திரை விழுந்துடுச்சு. கையில வந்த ரசீதுல 1,900 பாட். ஏஜென்ட் என்ன பண்ணாருன்னு அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன், நாம நேர்ல போய்த்தான் ஆகணும், போட்டோ நம்மளது, கையெழுத்து நம்மளது, ஃபார்ம் ஒரு பக்கம் அவர் எழுதினாரு, ஜெராக்ஸ் கடை கீழயே இருக்கு. மிச்சம் 3,100 அதுக்குத்தான்.

சரி போகட்டும்னு விட்டிருப்பேன். கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி சிலோம் மாரியம்மன் கோயில்ல ஒரு அம்மாவைப் பார்த்து பேசிட்டிருந்தேன், இருபது வருஷமா அங்கேயே இருக்கறவங்க. ஊருக்குப் போயிட்டு 8ஆம் தேதி வந்துடுவேங்கன்னு சொன்னதும் "ரீ-என்ட்ரி எடுத்துட்டியாம்மா?"ன்னாங்க. எனக்கு அது என்னன்னே தெரியல.

விஷயம் இதுதான். எக்ஸ்டெண்ட் பண்ணது விசாவை இல்ல, நாட்டுக்குள்ள இருக்கறதுக்கான அனுமதியை. சிங்கிள் என்ட்ரி விசா முதல் தடவை உள்ள வந்தப்பவே தீர்ந்து போச்சு. வெளிய போயிட்டு அதே அனுமதியில திரும்பி வர்றதுக்கான ரீ-என்ட்ரி பர்மிட் இல்லாம ஏர்போர்ட்ல வெளியேறற முத்திரை விழுந்தா அந்த ஆகஸ்ட் 31 அப்பவே செத்துடும், 5,000 பாட்டும் அதோட போச்சு. திரும்பி வந்தா ஏர்போர்ட்ல இறங்கினதும் வாங்கற ஆன் அரைவல் விசாதான், அப்போ அதுக்கு 2,000 பாட், கிடைக்கறது 15 நாள், ஆகஸ்ட் 22ஓட என் கதை முடிஞ்சிருக்கும்.

உடனே ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். கொஞ்சம் கூட கூச்சமே இல்லாம "அது தனி சர்வீஸ்க்கா, 3,500 ஆகும், பண்ணித் தரட்டுமா"ன்னாரு. டிக்கெட்டைக் காட்டினேனேப்பா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு கேட்டா "நீங்க எக்ஸ்டென்ஷன் தானே கேட்டீங்க". வச்சுட்டேன்.

அந்த கோயில் அம்மா சொன்ன மாதிரி சுவர்ணபூமி ஏர்போர்ட்லயே எடுத்தேன். டிபார்ச்சர்ல, வெளியேறற முத்திரை குத்தற பாஸ்போர்ட் கன்ட்ரோல் பக்கத்துலயே கவுன்டர் இருக்கு, முத்திரை வாங்கறதுக்கு முன்னாடி போகணும், வாங்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. டிஎம் 8 ஃபார்ம், மிச்சமிருந்த அதே போட்டோ, சிங்கிள் 1,000 பாட். மல்டிபிள் 3,800, அது நாலு தடவையாவது போய் வந்தாத்தான் லாபம். பயத்துல நாலு மணி நேரம் முன்னாடியே போயிருந்தேன், இருபது நிமிஷத்துல கையில கொடுத்துட்டாங்க. நிம்மதியா ஒரு காபி குடிச்சேன், அது கசப்பு.

8ஆம் தேதி திரும்பி வந்து இறங்கினப்ப நம்ம ஃப்ளைட் ஆளுங்க மொத்தமும் ஆன் அரைவல் கவுன்டர் பக்கம் ஓடுச்சு, நானும் பழக்க தோஷத்துல பத்தடி கூடவே போயிட்டு அப்புறம் சுதாரிச்சு சாதாரண லைன்ல நின்னேன். ரீ-என்ட்ரி பக்கத்தை விரல் வச்சு பிரிச்சே நீட்டினேன், இல்லன்னா அவங்க அவசரத்துல கவனிக்காம போக சான்ஸ் இருக்கு. ஆகஸ்ட் 31ன்னு விழுந்துச்சு, கவுன்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே தேதியைப் படிச்சுப் பார்த்தேன், நீங்களும் படிங்க. ஊர்ல இருந்த அஞ்சு நாள் கணக்குல சேர்த்துத் தர மாட்டாங்க, பழைய தேதி பழைய தேதிதான்.

2024 ஜூலை 15ல இருந்து நமக்கு விசா இல்லாமலே 60 நாள்னு மாத்தினாங்க. அந்த மாதிரி ரூல் இருக்கறப்ப நடுவுல ஊருக்குப் போறவங்க 1,900ம் 1,000மும் கட்டணுமான்னு முதல்ல கணக்குப் போடுங்க, சும்மா போயிட்டு வந்தாலே புதுசா நாள் கிடைக்கலாம். ரூல் அடிக்கடி மாறும், கிளம்பற வாரம் தாய்லாந்து தூதரக வெப்சைட்ல ஒரு தடவை பார்த்துக்கோங்க. ஏஜென்ட்கிட்ட கேட்காதீங்க, அவர் நீங்க கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்வாரு.