சுண்ணாம்புப் பூச்சு என்று சொல்லி மண்சுவரில் சிமெண்ட் பூசிவிட்டுப் போகிறார்கள், கவனம்

மண்வீடு கட்டுகிறவர்களும் பழைய மண்வீட்டைப் பழுது பார்க்கிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். திருவண்ணாமலை பக்கம் எங்கள் வீட்டுப் பூச்சு வேலையை, "பாரம்பரிய வேலை" செய்வதாகச் சொன்ன ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தோம். பேசியது கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். பொருளுக்கான காசை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

ஒரு மழைக்காலம்கூட தாங்கவில்லை. வெளிச்சுவரைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. அப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது, ஒவ்வொரு பாளத்தின் பின்பக்கமும் சுவர் மண் ஒட்டியபடி. உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம். கேட்டதற்கு, "கொஞ்சம் சிமெண்ட் போட்டாதான் சார் பிடிக்கும், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்கிறார்.

மண்சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்கும். சிமெண்ட் கலவை விறைப்பானது. மண்ணோடு சேர்ந்து அசையாமல் விரிசல் விடும். அதில் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் நின்று மண்ணை இளக்கிவிடும். இதற்கு அவர் சொன்ன தீர்வு, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட், அதற்குத் தனிக் காசு! மிச்சமிருக்கிற வழியையும் அடைக்கிற வேலை அது.

உள்சுவரில் வேறு கோளாறு. அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், நடுவில் வெள்ளைப் புள்ளி. சரியாக நீறாத, அதாவது தண்ணீர் ஊற்றியும் முழுதாக வெந்து பொடியாகாத சுண்ணாம்புக் கட்டி, பூசிய பிறகு ஈரம் பட்டு உப்பித் தெறித்திருக்கிறது. நீற்றியதைச் சலித்து, தண்ணீரில் சில வாரமாவது ஊறப்போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் அதையும் விட்டுவிட்டார்கள்.

வேலை நடக்கும்போதே கலவையில் ஒரு கைப்பிடி எடுத்து, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். பைக்குள் மறுநாளும் குழைவாகவே இருக்கும். கெட்டியாகிவிட்டால் சிமெண்ட் கலந்திருக்கிறார்கள். அதே போல, பூசும் முன் சுவரைக் கொத்தி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளிக்கிறார்களா, பூசிய பிறகு வெயில் படாமல் ஈரச்சாக்குத் தொங்கவிடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்போது எல்லாவற்றையும் கொத்தி எடுத்துச் சுவரைக் காயவிட்டிருக்கிறோம். பணம் திரும்பவில்லை, போனையும் எடுப்பதில்லை. யாராவது சீக்கிரமே முடித்துத் தருகிறேன் என்று வந்தால், இந்தப் பைச் சோதனைக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.