பேஸ்பாலில் பெரிய ஆட்டக்காரர் யார், வில்லி மேஸா, மிக்கி மேன்டிலா?

இருவரும் 1931இல் பிறந்தவர்கள், 1951இல் நியூயார்க்கில் பெரிய லீகுக்கு வந்தவர்கள், ஃபீல்டிங்கில் நின்ற இடமும் சென்டர் ஃபீல்டுதான், அதாவது மைதானத்தின் பின்பகுதியில் நடுவே. மேஸ் ஜயன்ட்ஸ் அணியில், மேன்டில் யாங்கீஸ் அணியில்.

மேன்டில் மட்டையைச் சுழற்றினால் தனி அழகு. இடது, வலது இரண்டு பக்கமும் நின்று அடிப்பார். 1956இல் மட்டையடி சராசரி .353, 52 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது), 130 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) என்று மூன்றிலும் முதலிடம் பிடித்தார். அந்த உச்சத்தில் மேஸைவிட அவர் ஒரு படி மேல் என்றே சொல்வேன். சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில் ஏழு பட்டங்கள் வேறு.

ஆனால் முழங்கால்! 1951 வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில் பந்தைத் துரத்தி ஓடியவர், அணித் தோழர் ஜோ டிமாஜியோ வருவதைப் பார்த்துச் சட்டென நின்றபோது வடிகால் மூடியில் கால் மாட்டி விழுந்தார். அந்தப் பந்தை அடித்ததே மேஸ்தான் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அந்தக் கால் பழையபடி ஆகவே இல்லை. 1968தான் கடைசி சீசன், மொத்தம் 536 ஹோம் ரன்.

மேஸ் ராணுவ சேவைக்காக 1953 முழுவதையும் இழந்தும் 660 ஹோம் ரன் அடித்தார். அப்புறம் ஃபீல்டிங், அதற்கான கோல்டு குளோவ் விருது 12. 1954 வேர்ல்ட் சீரிஸில் எதிரணியின் விக் வெர்ட்ஸ் அடித்த பந்தை, முதுகைக் காட்டியபடியே ஓடிப் பிடித்து அதே வேகத்தில் திரும்பி எறிந்தாரே, அது ஒன்று போதும். 1965இல், 34 வயதில், 52 ஹோம் ரன். அதே வருடம் மேன்டிலுக்கு 19தான்.

ஒரே ஒரு சீசனுக்கு என்றால் மேன்டில். இருபது வருடத்துக்கு என்றால் யோசிக்கவே மாட்டேன், மேஸ்.