கேம் ஆஃப் த்ரோன்ஸ்: வரலாற்றிடம் வாங்கிய கடன்

2011 முதல் 2019 வரை எட்டு சீசன்களாக ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை, இங்கிலாந்தின் லங்காஸ்டர், யார்க் குடும்பங்களின் அரியணைப் போரைப் பெயர் மாற்றி எடுத்தது என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. 1440இல் எடின்பரோ கோட்டையில் டக்ளஸ் சகோதரர்கள் விருந்துக்கு அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டதும், 1692இல் ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் தங்கி உண்ட படைவீரர்களே தமக்கு இடமளித்த மெக்டொனால்டு குடியினரைக் கொன்றதும் மூன்றாம் சீசனின் 'ரெட் வெட்டிங்' என்ற மணவிழாப் படுகொலைக் காட்சிக்கு வித்திட்டவை. ஆயினும், ரொட்டியும் உப்பும் பகிர்ந்தபின் விருந்தினர்மீது கைவைக்கலாகாது என்ற நெறியைக் கதைக்குள்ளேயே ஊன்றிவிட்டு, அதை இசை முழங்கும் மணவிழாவில் முறித்த அமைப்பு இத்தொடருக்கும் அதன் மூல நாவலுக்குமே உரியது. வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதில் கதையில் பனிச்சுவராக வளர்ந்ததும் அத்தகையதே. என்னைச் சலிப்படையச் செய்தவை, நாவல்களின் துணையின்றி அவசரமாக முடிக்கப்பட்ட கடைசி இரண்டு சீசன்கள்தாம்.