சபாத் பந்தியில் முள் மீனா, உருண்டை மீனா?

யூதர்களின் ஓய்வுநாளான சபாத்தில் விலக்கப்பட்ட வேலைகளை, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா 39 வகையாக எண்ணுகிறது. அதில் ஒன்று ‘போரேர்’, அதாவது பொறுக்கிப் பிரிப்பது. மீன் தட்டில் வந்ததும் வம்பு இங்கேதான் ஆரம்பம்.

முழு மீனில் முள்ளை உருவி ஓரம் வைத்தால், வேண்டாததை வேண்டியதிலிருந்து பிரித்ததாகிவிடும். மாறாகச் சதையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, முள்ளை அப்படியே விட்டுவிடலாம். அதுவும் உடனே சாப்பிட மட்டுமே. மதியத்துக்கென்று காலையிலேயே உதிர்த்து வைக்கக்கூடாது. சாப்பிடும்போது முள் எடுக்கலாம் என்று இளகும் ரபிகளும் (யூத மதகுருமார்கள்) உண்டு. கறாரானவர்கள் ஒப்புவதில்லை.

‘கெஃபில்ட்டெ’ எனப்படும் உருண்டை மீனில் இந்தத் தலைவலியே கிடையாது. கிழக்கு ஐரோப்பிய யூத வீடுகளில் கெண்டை போன்ற மீனை, சபாத் தொடங்குமுன் வெள்ளிக்கிழமையே முள் நீக்கி அரைத்து, வெங்காயம், முட்டை, மட்சா (புளிக்காத ரொட்டி) மாவு சேர்த்து உருட்டி, மீன்சாற்றில் வேகவைத்து விடுவார்கள். போலந்துப் பக்கம் சர்க்கரை போடுவார்கள், லித்துவேனியாவில் மிளகு. எனக்கு மிளகுக் கட்சிதான். இனிக்கும் மீனை நாக்கு ஏற்கவில்லை. மேலே ஒரு கேரட் வில்லை, பக்கத்தில் பீட்ரூட்டால் சிவந்த குதிரைமுள்ளங்கித் துவையல், மூக்கில் சுரீரென்று ஏறும். ஆறியபடியே பரிமாறுவதால், சபாத்தில் சூடாக்கலாமா என்ற கேள்வியும் எழாது.

ருசிக்கு முழு மீன், நிம்மதிக்கு உருண்டை. பத்துப் பேர் பந்தி என்றால் உருண்டைதான்: ஒரே மீன் எல்லோருக்கும் எட்டும்.