பழைய நண்பர்கள் கூடுவதற்கு மாமல்லபுரமா, ஏற்காடா?

சென்னையில் ஒன்றாகப் படித்துப் பிரிந்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்க நினைத்தால், ஒரு பகல் மாமல்லபுரமா, இரண்டு நாள் ஏற்காடா என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு வந்து நிற்கும்.

மாமல்லபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், கைக்குழந்தை உள்ளவர்களும் விடுப்புக் கிடைக்காதவர்களும் வந்து சேர்வார்கள். ஆனால் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற சிற்பங்களைச் சுற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பிறகு மீன் சாப்பாடு, சில படங்கள், அதற்குள் யாராவது ஒருவர் மணி பார்க்கத் தொடங்கிவிடுவார். பேச்சு நலம் விசாரிப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் தாண்டுவது அரிது.

ஏற்காட்டுக்கோ பயணமே சந்திப்பாகிவிடுகிறது. சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்படும் ஏற்காடு எக்ஸ்பிரஸின் கீழ்ப்படுக்கையில் நால்வர் நெருக்கியடித்து உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் விளக்கை அணைக்கச் சொல்லும்வரை பேசிக்கொண்டிருக்கும்போதே, மறந்துபோன பட்டப்பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சேலத்தில் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர். (வயிறு புரட்டுபவர்கள் முன்னிருக்கையை முதலிலேயே பிடித்துக்கொள்வது நல்லது.) செலவு கூடுதல்தான், கோடை விழா நடக்கும் மே மாதத்தில் அறை கிடைப்பதும் கடினம்.

பத்துப் பேருக்கு மேல் என்றால் மாமல்லபுரமே நடக்கக்கூடியது. ஐந்தாறு பேர் மட்டுமென்றால், மே மாதத்தைத் தவிர்த்து, ஏற்காட்டுக்கே பயணச்சீட்டு எடுக்கலாம் என்பது என் கருத்து.